நோன்பு திறந்து பார்த்த லிப்ஸ்டிக்

மரக்காணத்தில் காலை எட்டே காலுக்குப் பாண்டிச்சேரி பஸ் ஏறும் ஷாகிராவைப் பார்த்தால், பெரிய இடத்துப் பெண்களின் உதட்டில் ஏறப் போகிற சாயத்துக்கு இவள்தான் தீர்ப்பு எழுதுகிறாள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். கறுப்பு புர்கா, முகத்தை மறைத்த துணி, கையில் தக்காளி சாதம் வைத்த டிபன் பாக்ஸ், ஜன்னலோரத்து சீட்டுக்காக நாலு பேரை இடித்துத் தள்ளி ஏறும் வேகம். வயது நாற்பத்தொன்று. எங்கே வேலை என்று கேட்டால் "இரும்பை பக்கம் ஒரு கம்பெனி" என்பாள். என்ன கம்பெனி என்று மேலே கேட்டால், "சோப்பு கீப்பு மாதிரி" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

சோப்புமில்லை, கீப்புமில்லை. லிப்ஸ்டிக். அதுவும் பஸ் ஸ்டாண்ட் ஃபேன்ஸி கடையில் கொத்தாகத் தொங்குகிற சரக்கு இல்லை. ஒன்றின் விலையைச் சொன்னால் ஷாகிராவின் மாமியாருக்கு மயக்கம் வந்துவிடும். அதனால்தான் மாமியாரிடமும் சோப்பு என்றே சொல்லி வைத்திருக்கிறாள்.

கம்பெனி நடத்துகிற ஜான்சி அனுமந்தைக்காரி. அப்பா மரியதாஸ் கடலுக்குப் போய்ச் சம்பாதித்த காசில் மருந்தியல் படித்து, பம்பாயில் ஒரு அழகுசாதனக் கம்பெனியில் பதினைந்து வருடம் குப்பை கொட்டினாள். போதுமடா சாமி என்று திரும்பி வந்தவள் கண்ணில், பாண்டிச்சேரியில் பழைய சாமான் விற்கிற கடை ஒன்றில் ஒரு பித்தளை லிப்ஸ்டிக் டப்பி பட்டது. உடம்பெல்லாம் நெடுக்கக் கோடு, பக்கவாட்டில் ஒரு சின்னக் குமிழ். குமிழை மேலே தள்ளினால் உள்ளே இருப்பது எழுந்து வரும். அடியில் 1946 என்று பொறித்திருந்தது. அவ்வளவுதான், ஜான்சிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. முத்தியால்பேட்டையில் லேத் வைத்திருக்கும் கலியபெருமாளைப் பிடித்து, அதே மாதிரி டப்பி கடைந்து தரச் சொன்னாள். உள்ளே வைக்கிற லிப்ஸ்டிக்குக்கு அந்தக் காலத்து சென்ட்டுகளின் வாசனை வேண்டும் என்று முடிவு செய்தாள். ஒன்றில் ரோஜாவும் பவுடர் மணமும், ஒன்றில் மல்லிகையும் சந்தனமும், ஒன்றில் தாழம்பூ. சரக்குக்கு 'நாற்பத்தாறு' என்றே பெயர். இரும்பையில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, எட்டுப் பெண்களை வைத்து, மெழுகை உருக்கி அச்சில் ஊற்ற ஆரம்பித்தாள்.

ஷாகிரா அங்கே சேர்ந்தது பெட்டி ஒட்ட. சேர்ந்த மூன்றாம் நாள், மூலையில் திறந்து வைத்திருந்த விளக்கெண்ணெய் டின்னைத் தாண்டிப் போனவள் நின்றாள். "மேடம், இந்த எண்ணெய் காறல் அடிக்குது. இத ஊத்தாதீங்க" என்றாள். ஜான்சி டின்னில் மூக்கை விட்டு முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. தெரியாது. ஏனென்றால் கொரோனா வந்து போனதிலிருந்து ஜான்சியின் மூக்கும் நாக்கும் பாதி செத்துவிட்டன. வாசனை லிப்ஸ்டிக் விற்கிறவளுக்கு வாசனை தெரியாது! வெளியே தெரிந்தால் எத்தனை பேர் சிரிப்பார்கள்? இத்தனை நாளும் அவள் பழைய ஞாபகத்தையும் தராசையும் வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் ஷாகிராவை மட்டும் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னாள்.

ஷாகிராவின் அத்தா அப்துல் லத்தீப் மரக்காணம் பஜாரில் அத்தர், ஊதுபத்தி விற்றவர். பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் உட்கார்ந்தே வளர்ந்த மூக்கு அது. "எனக்குத் தெரியும் மேடம், நான் பாத்துக்கறேன்" என்றாள். மறுநாளிலிருந்து அவள்தான் சோதனைக்காரி.

சோதனை என்பது இப்படி. புது சரக்கு ஊற்றி ஆறியதும் காலை பத்து மணிக்கு ஷாகிரா உதட்டில் பூசிக்கொள்வாள். பதினோரு மணிக்கு டீ. ஒரு மணிக்குச் சாப்பாடு. நடுவில் தண்ணீர், பேச்சு, சிரிப்பு, கொட்டாவி எல்லாம் உண்டு. மூன்று மணிக்கு ஒரு நோட்டில் நிறம், மணம், ருசி என்று மூன்று வரி எழுதி, அடியில் 'சரி' என்று போட வேண்டும். அந்தச் 'சரி' விழாமல் ஒரு டப்பியும் வாசலைத் தாண்டாது. ருசியை எதற்குப் பார்ப்பது என்று கேட்காதீர்கள். உதட்டில் போடுகிறதில் பாதி வயிற்றுக்குத்தான் போகிறது என்பது போடுகிறவர்களுக்குத் தெரியும்.

வேலை முடிந்ததும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். சில நாள் துடைக்காமலே பஸ் ஏறிவிடுவாள். முகத்துணிக்குப் பின்னால் அந்தச் சிவப்பு யாருக்கும் தெரியாமல் மரக்காணம் வரைக்கும் வரும். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கைக்குட்டையால் துடைத்துக்கொள்வாள்.

இந்த வருடம் மாசி பிறந்தபோது இரண்டு சேதி சேர்ந்தாற்போல் வந்தன. ஷார்ஜாவில் இருக்கும் அவள் புருஷன் அஷ்ரப் வேலை பார்க்கும் குடோனை மூடப் போகிறார்கள். பக்ரீத்துக்குள் அவன் ஊர் திரும்ப வேண்டியதுதான். மகள் ஆஸிஃபா திண்டிவனத்தில் நர்ஸிங் இரண்டாம் வருடம். இன்னொரு சேதியைச் சொன்னது ஜான்சி. சென்னையில் பெரிய ஓட்டல் ஒன்றின் கடையில் 'நாற்பத்தாறு' வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து நிறம். ரம்ஜான் முடிந்த மறுநாள் திறப்பு. அதற்குப் பிறகு ஷாகிரா இன்சார்ஜ், மாதச் சம்பளம், நிரந்தர வேலை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் 'சோதித்தவர்' என்று அச்சடித்த ஒரு சின்ன அட்டை. அதில் ஷாகிரா தன் கையால் கையெழுத்துப் போட வேண்டும்.

"என் பேரா மேடம்? அந்த ஓட்டலுக்கா?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

நாலு நிறம் நோன்புக்கு முன்பே முடிந்துவிட்டது. ஐந்தாவது இழுத்தடித்தது. செங்கல்லும் காபியும் கலந்த நிறம், வெட்டிவேர் வாசனை. அந்தக் காலத்துத் துரைமார் சென்ட்டு போல கனமாக இருக்க வேண்டும் என்று ஜான்சி வெட்டிவேர் எண்ணெயை வழக்கத்தைவிடக் கூட்டிவிட்டாள். ஊற்றி முடித்தபோது இருபதாவது நோன்பு.

"நோன்புல நீ ருசி பார்க்க முடியாதே ஷாகிரா. இந்த ஒண்ண மட்டும் ஆராயியைப் பார்க்கச் சொல்லவா?" என்று ஜான்சி கேட்டாள்.

ஆராயி அச்சில் ஊற்றுகிறவள். மரக்காணம் உப்பளத்தில் பதினைந்து வருடம் வேலை செய்து, காலில் புண் ஆறாமல் இங்கே வந்தவள். நல்லவள், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஷாகிராவுக்கு அவள்மேல் கோபம் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தக் கேள்வி சுருக்கென்றது. இன்று ஒன்றைக் கொடுத்தால் நாளைக்கு இரண்டைக் கேட்பார்கள். இன்சார்ஜ் ஆகப் போகிற நேரத்தில் எதற்கு இன்னொரு ஆள்?

"வேணாம் மேடம். ஒண்ணைக் குடுங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். நோன்பு தொறந்துட்டுப் பாத்து எழுதிடறேன்" என்றாள். ஜான்சியும் சரி என்றுவிட்டாள்.

இங்கேதான் கோட்டை விட்டாள் ஷாகிரா. பதிமூன்று மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர் படாத நாக்கு. பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், அதன்மேல் நன்னாரி சர்பத், பள்ளிவாசலிலிருந்து வந்த கஞ்சி, தொட்டுக்கொள்ள பருப்பு வடை. அந்த நேரத்தில் நோன்பாளிக்குப் பச்சைத்தண்ணீரே பாயசம். அதன்பிறகு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தி, உதட்டில் வெட்டிவேரைப் பூசிக்கொண்டு நின்றாள். அடடா, என்ன வாசனை! ருசி? நன்றாகத்தான் இருந்தது. எதைப் பூசியிருந்தாலும் நன்றாகத்தான் இருந்திருக்கும். தராவீஹ் தொழுகைக்கு நேரமாகிறது என்று மாமியார் குரல் கொடுக்க, துடைத்துவிட்டு வந்துவிட்டாள். ஐந்து மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டியதைக் கால் மணி நேரம்கூட வைக்கவில்லை. மறுநாள் நோட்டில் 'சரி' என்று எழுதினாள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆராயி பக்கத்தில் வந்து நின்றாள். அச்சிலிருந்து சுரண்டிய துணுக்கை உதட்டில் தேய்த்திருந்தாள்.

"யக்கா, இது கசக்குதுக்கா."

"எது?"

"இந்த வெட்டிவேரு. டீ குடிச்சதும் தொண்டையில நிக்குது. உப்பு வாரின பிறகு பாத்தியில தண்ணி நிக்கும் பாரு, அது மாதிரி ஒரு கசப்பு."

ஷாகிரா சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "உனக்கு உப்பளத்து நாக்குடி. பதினஞ்சு வருஷம் அந்தத் தண்ணியிலேயே நின்னுட்டு வந்தவளுக்குத் தேனும் கசக்கும். போ, போய் வேலையப் பாரு" என்றாள். மற்ற பெண்களும் கொல்லென்று சிரித்தார்கள். ஆராயியும் சிரித்தாள், போய்விட்டாள். ஷாகிரா வெட்டிவேர்ப் பெட்டிகளுக்கான முந்நூறு அட்டையில் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு கையெழுத்தும் முந்தியதைவிட அழகாக விழுந்தது.

பெருநாள் காலையில் சேமியா பாயசம் குடித்துவிட்டு, தொழுகை முடிந்து சொந்தக்கார ஆண்கள் வந்துபோன பிறகு, பிரியாணி தம்மில் இருந்தது. திண்டிவனத்து நாத்தனார் வரும் நேரம். பெண்கள் மட்டும்தானே, இன்றைக்காவது வெளிச்சத்தில் போட்டுக்கொள்வோம் என்று ஷாகிரா அந்தச் சோதனை லிப்ஸ்டிக்கை எடுத்துக் கண்ணாடி முன் நின்று பூசிக்கொண்டாள். நிறம் அள்ளியது. சமையல்கட்டுக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

கசந்தது.

முதலில் தண்ணீரில் ஏதோ என்று நினைத்தாள். கொட்டிவிட்டு வேறு பிடித்துக் குடித்தாள். நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டாள். அதுவும் கசந்தது. ஆராயியின் முகம்தான் முதலில் ஞாபகம் வந்தது.

சாயங்காலம் நாலு மணிக்குச் சென்னைக்குச் சரக்கு ஏற்ற வேன் வருகிறது. வெட்டிவேர் மட்டும் முந்நூறு பெட்டி. முந்நூறிலும் தன் பெயர்.

அந்த நேரம் பார்த்து அஷ்ரப் வீடியோவில் வந்தான். பெருநாள் வாழ்த்தெல்லாம் முடிந்ததும் அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"யாருக்குத் தெரியும் இது?"

"எனக்குத் தெரியும்ங்க."

"வேற யாருக்கும் தெரியாதுல்ல? சும்மா இரு. பணக்காரப் பொம்பளைங்க, ஒரு நாள் போடுவாங்க, தூக்கிப் போடுவாங்க. நான் வேற வேலை இல்லாம வர்றேன். இந்த நேரத்துல வாயக் கொடுத்து மாட்டிக்காதே ஷாகிரா."

அவன் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. நாளைக்கு இந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். போனை வைத்துவிட்டு சமையல்கட்டில் நின்றாள். மாமியார் சாயிரா உள்ளே வந்து மருமகளின் வாயைப் பார்த்தாள்.

"என்னடி இது, கோழி அறுத்த மாதிரி?"

ஷாகிராவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், லிப்ஸ்டிக் கம்பெனி என்பது உட்பட. சாயிராவுக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவே இல்லை.

"சோப்புன்னியே!" என்றாள்.

"மாமி, நான் இப்ப போவணும்."

"பெருநாள் அதுவுமா? நாத்தனா வர்ற நேரத்துல? ஊரு என்ன பேசும்?"

"வந்துடறேன் மாமி. லீவுக்கு வந்த ஆஸிஃபா இருக்கால்ல, பிரியாணிய அவ எறக்கிடுவா." சொல்லிவிட்டு புர்காவை மாட்டிக்கொண்டாள். பின்னால் சாயிரா புலம்பிக்கொண்டே இருந்தாள், முதல் புலம்பலே "சோப்புன்னு சொன்னாளே" என்பதுதான்.

பஸ்ஸில் கூட்டமில்லை. ரோட்டோரம் உப்புக் குவியல்கள், அனுமந்தை, கூனிமேடு என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். இரண்டு தரம் எடுத்தாள், இரண்டு தரமும் நம்பரைத் தட்டாமல் வைத்துவிட்டாள். இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. ஜான்சியும் ஆராயியும் மட்டும் இருந்தார்கள். ஆராயி அட்டைகளைப் பெட்டிக்குள் செருகிக்கொண்டிருந்தாள்.

"அட, பெருநாளும் அதுவுமா! பிரியாணி எங்க?" என்று ஜான்சி சிரித்தாள். ஷாகிராவின் முகத்துணி விலகியதும் சிரிப்பு நின்றது.

"மேடம், வெட்டிவேரை அனுப்பாதீங்க. கசக்குது."

"என்ன சொல்றே? நீதானே சரின்னு எழுதினே?"

"நோன்பு தொறந்த கையோட போட்டுப் பாத்தேன் மேடம். அந்த நேரத்துல எனக்கு எல்லாமே இனிக்கும். அஞ்சு மணி நேரம் வைக்கவும் இல்ல. தெரிஞ்சேதான் எழுதினேன். ஆராயிகிட்ட இந்த வேலைய விட மனசு வரல."

ஜான்சி ஒரு டப்பியை எடுத்தாள். குமிழைத் தள்ளினாள். உதட்டில் தேய்த்து, நாக்கால் தொட்டுப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. டப்பியை மேஜைமேல் வைத்தாள்.

"எனக்கு இது தெரியாதுன்னு உனக்குத் தெரியும். உன்னை நம்பித்தானே ஷாகிரா கடைய நடத்தறேன்?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று ஷாகிராவுக்குத் தோன்றியது.

இதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். மீதியைச் சொல்ல யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"ஆராயி அன்னைக்கே சொன்னா மேடம். நான்தான் நாலு பேர் முன்னால கிண்டல் பண்ணி அனுப்பிட்டேன்."

ஜான்சி ஆராயி பக்கம் திரும்பினாள். "ஏன்டி, எங்கிட்ட வந்து சொல்ல வேண்டியதுதானே?"

"அக்கா சரின்னுட்டாங்க. அதுக்கு மேல நான் யாரு மேடம்?" என்றாள் ஆராயி, அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜான்சி சென்னைக்குப் போன் போட்டாள். ஐந்து இல்லை, நாலுதான் வருகிறது என்றாள். அந்தப் பக்கம் யாரோ கத்துவது வெளியே கேட்டது. கேட்டு முடித்துவிட்டு வைத்தாள். "வெட்டிவேரைப் பிரிச்சு எடுங்க ரெண்டு பேரும். வேன் வர்றதுக்குள்ள முடியணும்" என்றாள். உள் அறைக்குப் போகும்போது வாசலில் நின்று, "இன்சார்ஜ் விஷயம் இப்ப வேணாம் ஷாகிரா. பிறகு பார்ப்போம்" என்றாள்.

"சரிங்க மேடம்."

இருவரும் தரையில் உட்கார்ந்து பெட்டிகளைப் பிரித்தார்கள். டப்பி ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம். வேலை போனாலும் போகட்டும், இந்தப் பெண் ஒரு வார்த்தை திட்டிவிட்டால் நன்றாக இருக்கும் போலிருந்தது ஷாகிராவுக்கு. ஆராயி திட்டவில்லை. ஐம்பது பெட்டி போயிருக்கும், அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

"அப்ப நெசமாவே கசப்புதானாக்கா?"

"நெசமாத்தான்."

"நீங்க அன்னிக்கு அப்படிச் சொன்னதும் எனக்கு பயம் புடிச்சிக்கிச்சி. நம்ம நாக்குதான் செத்துப்போச்சின்னு நெனச்சிக்கினேன். கொழம்பு வெச்சா உப்பு பாக்கவே தைரியம் வரல. எங்க வீட்டுக்காரருகிட்ட ஒரு கரண்டி ஊத்திக் குடுத்து, சரியா இருக்குதா, சரியா இருக்குதான்னு கேட்டுக் கேட்டுத்தான் எறக்கினேன். பத்து நாளாச்சி. அந்தாளு சிரிக்கறாரு, உப்பளத்துக்காரிக்கு உப்பு தெரியலையான்னு."

ஷாகிராவின் கை நின்றுவிட்டது. கண்ணீர் மடியில் கிடந்த அட்டைமேல் விழுந்து, மை கலைந்தது.

"உன் நாக்கு நல்லாத்தான்டி இருக்குது. என்னை மன்னிச்சிடு ஆராயி."

ஆராயி அடுத்த பெட்டியை எடுத்துப் பிரித்தாள்.

"அழாதீங்கக்கா, நல்ல நாளு அதுவுமா" என்றாள். பிறகு, "இத அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, நான் பத்து நாளு ருசியா தின்னிருப்பேன் இல்ல?" என்றாள்.